பசி தாங்காத குஞ்சுகள்

பேய்க்கணவாய் என்று பெயர் வைத்தவர்கள் அதன் குஞ்சைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், மேடம். அரிசி நொய்யில் பாதிதான் இருக்கும். உடம்பு கண்ணாடி போல. சாப்பிட்டிருக்கிறதா, பட்டினியா என்று வெளியிலிருந்தே வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முதுகில் ஊசியால் குத்தினாற்போல நாலைந்து பொட்டு, எட்டுக் குட்டைக் கை, உடம்பில் பாதிக்கு இரண்டு கண். ஆக்டோபஸ் என்றதும் சினிமாவில் கப்பலைக் கவிழ்க்கும் மிருகம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. இதைப் பார்த்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றும்.

டீ போதும், மேடம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் பரணிதரன். ஆம்பூர்தான் சொந்த ஊர். போன வாரம் எங்கள் ஷெட்டின் நண்டுக் குழியில் இறந்துபோன பூவரசன் என் மனைவி பூங்குழலியின் தம்பி. ஷெட்டின் சொந்தக்காரர் இஷ்தியாக் அகமது பாயை நேற்றிலிருந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. அந்தக் குழியை அவர் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. ஒரு பாவமும் அறியாத மனிதரை அலைக்கழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன், வரிசை தப்பினால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த ஷெட் பாயின் அப்பா காலத்துத் தோல் ஷாப், தோல் பதனிட்ட இடம். மூடிப் பல வருஷமாகிறது. நான் கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். கணவாய்க் குஞ்சுகளை வளர்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. ஒன்றுகூட வளரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். பாயிடம் போய், உங்கள் ஷெட்டைக் கொடுங்கள், பேய்க்கணவாய் வளர்க்கலாம், வெளிநாட்டில் தோலைவிட நல்ல கிராக்கி என்றேன்.

"பாலாத்துலயே தண்ணி இல்ல, நீ கடலைக் கொண்டாரேங்குற. இன்னா தம்பி, வெயில் ஜாஸ்தியா?" என்று சிரித்தார்.

கடல் நீரை உப்புகள் கலந்து நாமே செய்துகொள்ளலாம் என்றேன். உடனே அவர், தோலிலிருந்து உதிர்த்துக் குவித்த பழைய உப்பைக் காட்டி, "அதுக்கா கம்மி நம்ம ஊர்ல?" என்றார். அந்த உப்பு ஆகாது என்று புரியவைக்கப் படாதபாடு பட்டேன். ஆனாலும் சாவியைக் கொடுத்தார். நல்ல மனிதர்.

பூவரசன் அப்போது ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தான். அக்கா அதே கம்பெனியில் தையல். அவனுக்கு அங்கே சலித்துப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்க வந்தவன், தொட்டி மேல் குனிந்தவன்தான், நிமிரவில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டான். வீட்டில் பெரிய ரகளை. "உங்க பைத்தியம் போதாதுன்னு என் தம்பிக்கும் புடிக்க வெச்சிட்டீங்களா?" என்று பூங்குழலி என்னிடம் எரிந்து விழுந்தாள். நான் பெருமைப்பட்டேன், அதை மறைக்க வேண்டியதில்லை. என் வேலையை இன்னொருவன் ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தாய்க் கணவாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முட்டையிட்ட நாளிலிருந்து அது எதையும் சாப்பிடாது. முட்டைக் கொத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்கும். உடம்பு கரையும், தோல் வெளிறும், குஞ்சு பொரிந்து முடிந்ததும் செத்துவிடும். பூவரசனால் இதைத் தாங்க முடியவில்லை. இறால் துண்டைக் குச்சியில் குத்தி அதன் வாயருகே நீட்டிக் கெஞ்சுவான். "துன்னு தாயே, ஒரு வாயி துன்னு." அது அவன் குச்சியைத் தள்ளிவிடும். முதல் தாய் செத்த அன்று அவன் மதியம் சாப்பிடவில்லை. இயற்கை அப்படித்தான் வைத்திருக்கிறது, ஓர் உயிர் போனால்தான் இத்தனை உயிர் வரும் என்று நான் சொன்னேன். "இன்னா மாமா நியாயம் இது" என்றான். அவனுக்கு விஷயம் புரியவில்லை.

உண்மையான சிக்கல் குஞ்சின் தீனிதான். உயிரோடு அசைகிற தீனியைத்தான் அது பிடிக்கும். செத்ததை ஏறெடுத்தும் பார்க்காது. எல்லாப் பண்ணையிலும் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா கொடுப்பார்கள். டப்பாவில் முட்டையாக வரும் பொடிப் பூச்சி, உப்புத் தண்ணீரில் போட்டால் பொரிந்து நீந்தும். எங்கள் குஞ்சுகள் அதைப் பாய்ந்து பாய்ந்து பிடித்தன. வயிறு ஆரஞ்சு நிறத்தில் நிறைந்திருக்கும். அப்படி வயிறு நிறைந்த நிலையிலேயே செத்தன. அந்தப் பூச்சியில் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து கிடையாது. அது இல்லாமல் மூளையும் கண்ணும் வளராது. வெறும் பொரியைத் தின்னக் கொடுத்துப் பிள்ளையை வளர்க்கப் பார்ப்பது போல. சாவதற்கு முன் குஞ்சுகள் மேலே வந்து, பொட்டெல்லாம் சுருங்கி, வெளிறிப்போய் ஒரே இடத்தில் நிற்கும். அந்தக் காட்சியை நான் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்க முடியாது. ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லாரும் மாலையில் கிளம்பிப் போய்விடுவார்கள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை நம்பி வந்தவை அவை, மேடம். தண்டவாளத்தில் தலை வைத்துவிடலாமா என்றுகூட ஒரு முறை தோன்றியது. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நண்டின் குஞ்சுகளில் அந்தச் சத்து இருக்கிறது. சினை நண்டு தன் முட்டையை வயிற்று மடிப்பில் சுமக்கும். முட்டை கறுத்துவிட்டால் விடியலில் குஞ்சுகளை உதிர்க்கும். புகை போலக் கிளம்பும். அதை அன்றன்றைக்கு அள்ளி அப்படியே போட வேண்டும், நேரம் ஆனால் துவண்டுவிடும். பழவேற்காட்டிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிச் சினை நண்டுகளைக் கொண்டுவந்தோம். ஆனால் நம் ஊர் வெயிலில் நண்டு தாங்கவில்லை. ஷெட்டிலேயே குளிர்ச்சியான இடம் தரைக்குக் கீழே இருந்த பழைய குழி ஒன்றுதான். தோல் ஊறப்போட்ட குழி. கழுவி, சுண்ணாம்பு அடித்து, நண்டுத் தொட்டிகளை உள்ளே இறக்கி, வாயைப் பலகையாலும் சாக்காலும் மூடிவைத்தோம். பக்கத்துக் குழியில் அந்தக் காலத்துச் சேறு அப்படியே கிடந்தது. நடுச்சுவரில் விரிசல் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

குழி நாறும். அழுகின முட்டை நாற்றம். ஆம்பூர்க்காரர்களுக்கு அது ஒரு பொருட்டா? நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காலையில் பலகையை நீக்கி, ஊதுகுழாயை உள்ளே விட்டு, மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்ட பிறகுதான் பூவரசன் ஏணியில் இறங்குவான். அவன் கீழே டார்ச் அடிப்பான், நண்டுக் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும், அள்ளி வாளியில் விடுவான், நான் கயிற்றால் மேலே இழுப்பேன். ஒரு நாளும் இந்த வழக்கத்தை நான் மீறியதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

புதுத் தீனி கொடுத்ததிலிருந்து குஞ்சுகள் சாகவில்லை. முன்பெல்லாம் எந்தக் கட்டத்தில் மொத்தமும் போகுமோ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன. கைகள் நீண்டன. சில தொட்டியின் அடிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தன. அடியில் தங்க ஆரம்பித்துவிட்டால் பிழைத்த மாதிரி. பூவரசன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். "மாமா, நீ கெலிச்சிட்ட மாமா" என்றான். அன்றைக்குத்தான் தயங்கித் தயங்கி நிஷாவைப் பற்றிச் சொன்னான். ஷூ கம்பெனியில் அவன் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த பெண், வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள். "அக்காகிட்ட நீதான் பேசணும். நீ சொன்னா அது கேக்கும்." பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். குஞ்சுகள் அடியில் தங்கட்டும், பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டர் பழுது பார்க்கப் போயிருந்தது. குஞ்சுத் தொட்டிக்குக் காற்று வேண்டுமே என்று முந்தின நாளே வெல்டிங் கடையிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றைச் சக்கர வண்டியோடு வாங்கி வைத்திருந்தேன். அதைத் தொட்டிக்குக் கொடுத்தாயிற்று. ஊதுகுழாய்க்குத்தான் கரண்ட் இல்லை.

முந்தின நாள் எந்த நண்டும் குஞ்சு உதிர்க்கவில்லை. வெறும் ஆர்ட்டீமியாதான் கொடுத்திருந்தோம். காலையில் நான் தொட்டியைப் பார்த்தபோது குஞ்சுகள் மேலே வந்திருந்தன. சில வெளிறிப்போய் நின்றன. ஆராய்ச்சிக் கூடத்து மாலைகள் எல்லாம் என் கண்முன் வந்துவிட்டன. பூவரசனும் பார்த்தான்.

"கரண்ட் வர்ற வரைக்கும் நிக்குமா மாமா?"

"நிக்காது" என்றேன்.

"அப்ப நான் எறங்குறேன். ரெண்டு நிமிசம், போனேன் வந்தேன்னு வந்துர்றேன்."

நான் அவனை இறங்கச் சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். அவனாகத்தான் சொன்னான். பலகையை நீக்கினோம். நாற்றம் முகத்தில் அடித்தது. அவன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். பாதி ஏணியில் நின்று துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இப்ப நாத்தமே இல்ல மாமா."

தோல் ஷாப்பில் குழி வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குழி நாறுகிற வரை பயமில்லை. நாற்றம் திடீரென்று நின்றால் காற்று நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். விஷவாயு அவ்வளவு அடர்த்தியாகிவிட்டது. அந்த நொடியே ஏறி ஓடிவர வேண்டும். என் அப்பா தோல் ஷாப்பில் இருந்தவர், எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பூவரசன் வெட்டிக் காய்ந்த தோலைத்தான் பார்த்தவன். ஏசி ஹாலில் நின்று ஷூவுக்குத் துண்டு போட்டவன். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"சரி, சீக்கிரம் அள்ளு" என்றேன்.

கீழே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. வாளி நிறைந்ததும் கயிற்றை ஆட்டினான். இழுத்தேன். அன்றைக்கு வந்த மாதிரி நண்டுக் குஞ்சுகள் ஒரு நாளும் வந்ததில்லை. தண்ணீரே கொதிப்பது போல அத்தனை உயிர். கீழே ஏதோ தொட்டியில் மோதுகிற சத்தம் கேட்டது. வாளி வெக்கையில் நின்றால் எல்லாம் துவண்டுவிடும், எனவே முதலில் அதைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன்.

கொட்டியவுடன் என்ன நடந்தது தெரியுமா? மேலே வெளிறி நின்ற குஞ்சுகளின் பொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பழுப்பு, பிறகு சிவப்பு. இரையைக் கண்டால் குஞ்சு உடனே பாயாது. கண்ணைத் திருப்பிப் பார்க்கும், எட்டுக் கையையும் ஒன்றாகக் குவிக்கும், கொஞ்சம் பின்வாங்கும், பிறகு ஒரே தாவல். பிடித்ததும் கைகளால் மூடி வைத்துக்கொண்டு மெல்லச் சுழலும். பிள்ளைகள் மிட்டாயை மறைத்துத் தின்பது போல இருக்கும். ஒவ்வொரு வயிறாக நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அழுதுவிட்டேன். எத்தனை நேரம் நின்றேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றேன்.

பிறகு குழிக்குப் போனேன். பூவரசன் ஏணியின் அடியில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். வாயில் நுரை. மார்பு அசைந்துகொண்டிருந்தது. நான் இறங்கவில்லை. காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் சாவான் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

சிலிண்டரைப் பற்றி ஃபயர் சர்வீஸ் அதிகாரி கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். அது பொய். முக்கால்வாசி இருந்தது. வண்டியில் இருந்தது, குழாயும் நீளம்தான். உருட்டிக்கொண்டு வந்து குழாயை அவன் முகத்துக்கு இறக்கித் திறந்துவிட்டிருக்கலாம். நினைத்துப் பார்த்தேன். வயிறு நிறைந்த குஞ்சுக்குக் காற்று இரண்டு மடங்கு வேண்டும். அந்த நேரம் பார்த்து நிறுத்தினால் மொத்தமும் போய்விடும். அவன் பிழைப்பானா என்பது சந்தேகம், குஞ்சுகள் சாவது நிச்சயம். இரண்டையும் வைத்து நிதானமாக யோசித்தேன். அதற்குள் மார்பு அசைவது நின்றுவிட்டது.

உடனே போன் செய்யவும் இல்லை. ஆள்கள் வந்தால் பெரிய கதவைத் திறப்பார்கள், வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வரும். குஞ்சுகள் மையைப் பீய்ச்சிக்கொண்டு சுவரில் மோதிச் சாகும். அதனால் முதலில் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினேன். மூலைகளை நன்றாகச் செருகினேன். பிறகுதான் போன். நான் கேட்டில் நின்றிருந்தேன், உள்ளே நடந்தது தெரியாது என்று அன்றைக்கு உங்களிடம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதைக் கிழித்துவிடுங்கள்.

சாவு வீட்டுக்கு நிஷா வந்திருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். சாமியானாவுக்கு வெளியே, பைக்குகள் நிற்கிற இடத்தில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் நின்றாள். பாடையைத் தூக்கும்போது கையை மட்டும் லேசாக நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். குஞ்சுகளுக்கு மதியத் தீனி நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

பூங்குழலி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் கூப்ட்டானா?" என்றாள்.

"இல்ல, சத்தமே இல்ல, தூங்குற மாதிரி போய்ட்டான்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதாவது அவன் கஷ்டப்படவில்லை என்று நிம்மதியாக அழுதாள். அந்த நிம்மதியை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்.

கூப்பிட்டான், மேடம். நான் தொட்டி அருகே நிற்கும்போது இரண்டு தடவை கூப்பிட்டான். முதல் தடவை "மாமா" என்று. இரண்டாவது தடவை அதுவும் முழுசாக வரவில்லை. காதில் நன்றாக விழுந்தது. வாளியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, கொட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

இவ்வளவுதான். நாற்றம் நின்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தே அள்ளச் சொன்னவன் நான். கூப்பிட்டது கேட்டும் போகாதவன் நான். காற்று கையில் இருந்தும் கொடுக்காதவன் நான். இஷ்தியாக் பாயை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

கேஸ் தெளிவானால்தான் சீல் வைத்த ஷெட்டைத் திறப்பார்கள் என்று உங்கள் ஏட்டையா சொன்னார். பாவம், அவர் இரக்கப்பட்டு ஜன்னல் வழியாக ஆர்ட்டீமியா மட்டும் ஊற்ற விடுகிறார். அது வயிற்றைத்தான் நிரப்பும். இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது அல்லவா, இன்றைக்கே திறந்துவிடுங்கள். குழியில் இரண்டு நண்டுக்கு முட்டை கறுத்திருக்கும். யாராவது ஒல்லியான பையனாகப் பார்த்து அனுப்புங்கள், ஏணி குறுகல். இறங்குவதற்கு முன் ஊதுகுழாயை நெடுநேரம் ஓடவிடச் சொல்லுங்கள், அதில் அலட்சியம் கூடாது, ஓர் உயிர் போனது போதும். குஞ்சுகள் மேலே வந்து வெளிறிப்போய் நின்றால் மட்டும் ஊதுகுழாய்க்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.